கறப்பவர் கையில் கயிறு இருக்கட்டும்!



விடியற்காலையில் டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து ஒரு கிளாஸ் டீயைக் கையில் வாங்குகிறீர்கள். அந்த டீயில் கலந்திருக்கும் பால் எங்கிருந்து வந்தது என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? ஊருக்கு வெளியே ஒரு குடிசையின் பின்புறம், இரண்டு மாடுகளையோ ஒரு எருமையையோ கட்டி வைத்திருக்கும் ஒரு தாய், நீங்கள் கண் விழிப்பதற்கு முன்பே எழுந்து சாணம் அள்ளி, தீவனம் வைத்து, கறந்து, சொசைட்டி வாசலில் கேனோடு நின்ற பிறகுதான் உங்கள் டீ கொதிக்கிறது.

நம் நாட்டில் ஏறத்தாழ 8 கோடி குடும்பங்கள் பால் மாட்டை நம்பி வாழ்கின்றன. நிலம் இல்லாதவர்களும் இதில் இருக்கிறார்கள், நிலம் இருந்தும் மழை ஏமாற்றியவர்களும் இருக்கிறார்கள். நெல்லும் கரும்பும் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் காசு தரும். மாடு மட்டும்தான் தினமும் காலையும் மாலையும் காசு தரும். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மளிகைக் கடைப் பாக்கியும் தீருவது அந்தக் காசில்தான்.

அந்தத் தாயின் கேன், இன்று உலக வல்லரசுகள் அமர்ந்து பேசும் மேசையின் மீது வைக்கப்பட்டிருக்கிறது! 2019ல் பாங்காக்கில் அதைப் பற்றிப் பேசினார்கள். 2025ல் வாஷிங்டனிலும் டெல்லியிலும் பேசினார்கள். "உங்கள் பால் சந்தையைத் திறந்து விடுங்கள், உங்களுக்கும் வாய்ப்புகள் கிடைக்கும்" என்கிறார்கள். வாய்ப்பு என்றால் யாருக்கு வாய்ப்பு? திறப்பது என்றால் எந்தப் பக்கமாகத் திறப்பது? இதைப் புரிந்துகொள்ள, இந்தியப் பால் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பால் தராத பதினைந்து நாட்கள்

விடுதலைக்கு முன்பு, குஜராத்தின் கைரா மாவட்டத்து விவசாயிகள் கறந்த பால் ரயிலேறி பம்பாய்க்குப் போனது. 1945ல் பம்பாய் அரசு நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, கைராவில் பால் வாங்கும் உரிமை போல்சன் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்குப் போனது. நகரத்தில் விலை ஏறியது, கிராமத்தில் ஏறவில்லை. இடையில் இருந்தவர்கள் கொழுத்தார்கள்.

விவசாயிகள் சர்தார் வல்லபாய் படேலிடம் முறையிட்டார்கள். உங்கள் பாலை நீங்களே விற்கக் கூட்டுறவு அமையுங்கள், அரசு மறுத்தால் பால் தராதீர்கள் என்பது அவர் சொன்ன வழி. 1946 ஜனவரியில் சமர்கா என்ற கிராமத்தில், மொரார்ஜி தேசாய் முன்னிலையில் அப்படியே முடிவெடுத்தார்கள். பதினைந்து நாட்கள் கைராவிலிருந்து ஒரு சொட்டுப் பால்கூட பம்பாய்க்குப் போகவில்லை. அரசு இறங்கி வந்தது. 1946 டிசம்பர் 14ஆம் நாள் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் படேல் அதை முன்னின்று நடத்தினார். தொடக்கத்தில் அதில் இருந்தவை இரண்டே கிராமச் சங்கங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 250 லிட்டர் பால். பின்னாளில் 'அமுல்' என்று உலகம் அறிந்த நிறுவனத்தின் பிறப்பு இவ்வளவு எளிமையானதுதான்.

1949ல் அந்த ஆனந்த் நகருக்கு ஒரு இளம் பொறியாளர் வேண்டா வெறுப்பாக வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, நம் கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன் அவர். அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்கா சென்று படித்ததால், சொன்ன இடத்தில் வேலை பார்த்தாக வேண்டிய கட்டாயம். கட்டாயத்தால் வந்தவர், திரிபுவன்தாஸ் படேல் கேட்டுக்கொண்டதற்காகத் தங்கி, அங்கேயே ஒரு வாழ்நாளைக் கழித்தார்.

பாலில் ஒரு இயற்கைச் சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும், கோடையில் வற்றும். வாங்குகிறவன் இதைப் பயன்படுத்திக் குளிர்காலத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். மிஞ்சும் பாலைப் பவுடராக்கி வைத்துக்கொள்ள முடிந்தால் அந்தச் சூழ்ச்சி எடுபடாது. ஆனால் பவுடர் செய்யும் கலை பசும்பாலுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. எருமைப் பாலில் அது முடியவே முடியாது என்று மேலைநாட்டு நிபுணர்கள் கையை விரித்தார்கள். குரியனின் தோழர் எச்.எம். தலாயா அதைச் செய்து காட்டினார். 1955ல் ஆனந்தில் பவுடர் தொழிற்சாலை எழுந்தது. அன்றைக்குத்தான் விலை பேசும் பலம் விவசாயியின் கைக்கு வந்தது. அந்த நிபுணர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

இலவசமாக வந்த பவுடர்

1964ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்த் பகுதிக்கு வந்து, ஒரு கிராமத்தில் இரவு தங்கி, விவசாயிகளோடு அமர்ந்து பேசினார். இந்த முறையை நாடு முழுவதும் கொண்டு செல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். 1965ல் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் உருவானது. தலைமையகம் டெல்லியில் அமையவில்லை. விவசாயிகளுக்கு அருகே ஆனந்திலேயே அமைந்தது.

சரி, நாடு முழுவதும் கொண்டு செல்லப் பணம் வேண்டாமா? இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது.

1960களின் இறுதியில் ஐரோப்பிய நாடுகளின் கிடங்குகளில் பால் பவுடரும் வெண்ணெயும் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. அங்குள்ள அரசுகள் தங்கள் விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுத்த மானியத்தின் விளைவு அது. அந்த மலை ஏழை நாடுகளின் பக்கம் சரியும் என்பது தெளிவாகத் தெரிந்தது. மலிவு விலைக்கோ இலவசமாகவோ அந்தப் பவுடர் நம் நகரங்களில் கொட்டப்பட்டால் கிராமத்துப் பாலை யார் வாங்குவார்கள்?

குரியன் ஒரு வழி கண்டார். பவுடரை நன்கொடையாகவே பெற்றுக்கொள்வோம். ஆனால் மக்களுக்கு மலிவாகக் கொட்ட மாட்டோம். அதைப் பாலாக்கி, உள்நாட்டுப் பாலின் விலையைக் கெடுக்காத விலைக்கே நகரங்களில் விற்போம். கிடைக்கும் பணத்தைக் கொண்டு கிராமங்களில் சங்கங்களும், குளிரூட்டும் நிலையங்களும், பால் பண்ணைகளும், பால் வண்டிகளும் உண்டாக்குவோம். உள்நாட்டுப் பால் வர வர, வெளிநாட்டுப் பவுடரைக் குறைத்துக்கொண்டே போவோம்!

1970ல் தொடங்கிய 'ஆபரேஷன் பிளட்' என்ற வெண்மைப் புரட்சித் திட்டத்தின் உயிர்நாடி இதுதான். உலக உணவுத் திட்டத்தின் வழியாக வந்த 1,26,000 டன் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் முதல் கட்டத்துக்கு முதலாயின. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களும் கிராமத்துப் பாலோடு இணைக்கப்பட்டன. மூன்று கட்டங்களாக நடந்து 1996ல் திட்டம் முடிந்தபோது சுமார் 73,000 கிராமச் சங்கங்களும் 90 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களும் இருந்தார்கள்.

1970 வாக்கில் ஆண்டுக்கு 2 கோடி டன்னைச் சற்றே தாண்டியிருந்த நம் பால் உற்பத்தி, 2023-24ல் 23.9 கோடி டன்னாக உயர்ந்துவிட்டது. 1990களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவை முந்தி உலகில் முதலிடத்துக்கு வந்தோம். இன்று உலகப் பாலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியப் பால்!

இது குறையே இல்லாத திட்டம் என்று நாம் சொல்ல வரவில்லை. வெளிநாட்டுப் பவுடரைச் சார்ந்திருப்பதாகவும், நகரத்துக்குப் பால் போய்க் கிராமத்துக் குழந்தைக்கு இல்லாமல் போவதாகவும் 1980களில் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. குஜராத் கண்ட பலனைப் பல வட மாநிலங்கள் காணவில்லை. பல மாநிலங்களில் சங்கங்கள் அரசியல்வாதிகளின் பிடியிலும் அதிகாரிகளின் பிடியிலும் சிக்கின. என்றாலும் அடிப்படை உண்மை மாறாது. வெளியிலிருந்து வந்த பவுடரின் கடிவாளம் நம் கையில் இருந்தது. அதனால்தான் அது விஷமாகாமல் உரமானது.

கடிவாளத்தை விட்டவர்களின் கதை

கடிவாளத்தைக் கைவிட்டால் என்ன ஆகும்? இரண்டு தீவுகளைப் பாருங்கள்.

கரீபியன் கடலில் உள்ள ஜமைக்கா, தன் தட்பவெப்பத்துக்கு ஏற்ற 'ஜமைக்கா ஹோப்' என்ற சொந்தக் கறவை மாட்டினத்தையே உருவாக்கிய நாடு. 1990களின் தொடக்கத்தில், கடனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி பால் பவுடர் மீதான தடுப்புகளைத் தளர்த்தியது. ஐரோப்பிய மானியத்தில் விளைந்த பவுடர் உள்ளே பாய்ந்தது. பால் பண்ணைகள் உள்ளூர்ப் பாலை வாங்க மறுத்தன. விவசாயிகள் கறந்த பாலை மண்ணில் கொட்டினார்கள். மாடுகளை இறைச்சிக்கு விற்றார்கள். அடுத்த பத்து பதினைந்து ஆண்டுகளில் அந்நாட்டின் பால் உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விட்டது. கடனைக் கொடுத்தவர்களும் பவுடரை அனுப்பியவர்களும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. எல்லாம் 'சுதந்திர வர்த்தகம்' என்ற நல்ல பெயரில்தான் நடந்தது!

அடுத்தது நம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இலங்கை. புல்லும் மழையும் உள்ள நாடு அது. ஆனால் பல பத்தாண்டுகளாக அங்குள்ள வீடுகளில் டீ என்றாலே பால்மா டீதான். பாலுக்கான தேவையில் பெரும்பகுதியை நியூசிலாந்து முதலான நாடுகளின் பவுடரே நிரப்பியது. டாலர் இருந்த வரை இது பெரிதாகத் தெரியவில்லை. 2021ல் அந்நியச் செலாவணி வற்றியபோது, இறக்குமதிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் கடைகளில் பால்மா மறைந்தது. ஒரு பாக்கெட்டுக்காகக் கைக்குழந்தையோடு தாய்மார்கள் வரிசையில் நின்ற காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். வாங்கிக் குடிப்பது மலிவு என்பது, வாங்கப் பணம் இருக்கும் வரைதான்.

வாசலில் நிற்பவர்கள் யார்?

இன்று நம் வாசலில் நிற்பவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். நியூசிலாந்து தன் பாலில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டுக்கு விற்கிறது. அங்கே சராசரிப் பண்ணை ஒன்றில் நானூறு மாடுகளுக்கு மேல். இங்கே ஒரு வீட்டில் இரண்டு, மூன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2015ல் பால் உற்பத்திக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. பால் பெருகி விலை சரிந்தது. 2017ல் அதன் அரசுக் கிடங்குகளில் மூன்றரை லட்சம் டன்னுக்கு மேல் பவுடர் தேங்கியது. அப்படிப்பட்ட தேக்கம் எங்காவது வழிந்தாக வேண்டும் அல்லவா?

நாமும் ஒருமுறை தவறு செய்திருக்கிறோம் என்பதை மறைக்கத் தேவையில்லை. 1995ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது, பால் பவுடருக்கு இறக்குமதி வரியே விதிப்பதில்லை என்ற உறுதிமொழியில் இந்தியா கட்டுண்டிருந்தது. அளவுக் கட்டுப்பாடுகள் இருந்த வரை அது வெளியே தெரியவில்லை. அவற்றை நீக்க வேண்டிய நிலை வந்தபோதுதான் வாசல் தாழ்ப்பாள் இல்லாமல் கிடப்பது தெரிந்தது. 2000ஆம் ஆண்டில் மறுபேச்சு நடத்தி, 10,000 டன் வரை 15 சதவீதமும் அதற்கு மேல் 60 சதவீதமும் வரி விதிக்கும் உரிமையை மீட்டோம். அதற்கு ஈடாக வேறு பொருள்களில் சலுகை கொடுக்க வேண்டியிருந்தது. கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். அதை அழிக்க ஆண்டுகள் ஆகின்றன.

அந்த அனுபவம் 2019ல் உதவியது. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் உள்ளிட்ட 15 நாடுகளோடு பேசிக்கொண்டிருந்த மண்டலப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து, 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா விலகியது. காரணங்களில் பால் முக்கியமானது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சிகளும், கூட்டுறவுகளும் விவசாய சங்கங்களும் ஒரே குரலில் பேசிய அபூர்வ தருணம் அது. பின்னர் 2022ல் ஆஸ்திரேலியாவோடும், 2025 ஜூலையில் பிரிட்டனோடும் கையெழுத்தான ஒப்பந்தங்களில் பால் பொருள்கள் சலுகைப் பட்டியலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டன.

2025ல் அமெரிக்கா நெருக்கியது. ஆகஸ்ட் மாதத்தில் நம் ஏற்றுமதி மீது முதலில் 25 சதவீதமும், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி மேலும் 25 சதவீதமும் வரி போட்டது. அந்தப் பேச்சுவார்த்தையில் முட்டிக்கொண்டு நின்றவற்றில் வேளாண்மையும் பாலும் முக்கியமானவை. மாட்டுக்கு இறைச்சி, இரத்தம் கலந்த தீவனம் கொடுத்துக் கறந்த பால் இங்கே வரக்கூடாது என்ற நம் நிபந்தனையையும் அவர்கள் தடையாகப் பார்த்தார்கள். விவசாயிகள், கால்நடை வளர்ப்போர், மீனவர்கள் நலனில் சமரசம் இல்லை என்று பிரதமர் அப்போது அறிவித்தார். அந்த வரிகளின் கதை எப்படித் திரும்பினாலும், பிரதமர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அந்த வார்த்தையைக் காப்பாற்ற வைப்பது மக்களின் வேலை.

"மலிவான பால் வந்தால் ஏழைக்கு நல்லதுதானே?" என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. ஆனால் நம் நாட்டில் பால் குடிக்கும் ஏழையும் பால் கறக்கும் ஏழையும் பெரும்பாலும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள்; பல வீடுகளில் ஒரே ஆள்தான். கறப்பவரின் வருமானத்தை அழித்துவிட்டுக் குடிப்பவருக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுப்பது எந்தக் கணக்கில் இலாபம்? உள்ளூர் மாடு ஒழிந்த பிறகு விலை எவ்வளவு என்று சொல்லப்போவதும் அதே வெளிநாட்டு நிறுவனம்தான்.

நமக்கும் சந்தை உண்டு

கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்பது நம் கட்சி அல்ல. விற்கும் வாய்ப்பும் நமக்கு உண்டு. 2022-23ல் இந்தியா ஏற்றுமதி செய்த பால் பொருள்கள் சுமார் 67,500 டன். மதிப்பு சுமார் 2,270 கோடி ரூபாய். வங்கதேசம், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, பஹ்ரைன், மலேசியா ஆகியவை முக்கிய வாடிக்கையாளர்கள். 23 கோடி டன் கறக்கும் நாட்டுக்கு இது கைப்பிடி அளவுகூட இல்லை!

வளைகுடாவில் உழைக்கும் நம் சகோதரர்கள் அங்குள்ள கடைகளில் நெய்யும் பன்னீரும் தேடி வாங்குகிறார்கள். நம் நாட்டு எருமை நெய்யின் மணத்துக்கு ஈடு எதுவும் இல்லை. அப்படியிருக்க ஏன் வளரவில்லை? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, நோய். கோமாரி நோய் உள்ள நாட்டின் பாலையும் பால் பொருளையும் பல நாடுகள் எல்லையிலேயே நிறுத்துகின்றன. 2019ல் 13,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பட்டது. தடுப்பூசி தொழுவம் வரை வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி. 2022ல் தோல் கழலை நோய் ராஜஸ்தான், குஜராத் உள்ளிட்ட பல மாநிலங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாடுகளைக் கொன்றபோது, கால்நடை மருத்துவமனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை விவசாயிகள் கண்ணீரோடு அறிந்தார்கள்.

இரண்டாவது, தரம். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து கலையும் நாள் வரை ஒதுக்கி வைக்க வேண்டும். பூசணம் பிடித்த புண்ணாக்கும் மக்காச்சோளமும் தின்ற மாட்டின் பாலில் நச்சு இறங்கும். இவற்றைச் சோதிக்கும் வசதி மாவட்ட அளவில்கூட எல்லா இடத்திலும் இல்லை. ஐரோப்பாவின் கதவு நம் பாலுக்கு மூடியிருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் சூது கலந்திருக்கலாம். ஆனால் அதே பாலைத்தானே நம் குழந்தைகளும் குடிக்கிறார்கள்! ஏற்றுமதிக்காக வேண்டாம், நம் குழந்தைகளுக்காகவாவது இதைச் சீர்செய்ய வேண்டாமா?

மூன்றாவது, விலை. தீவனச் செலவு ஏறி நிற்கிறது. உலகச் சந்தையில் பவுடர் விலை ஏறும்போது விற்கிறோம், இறங்கும்போது தேங்கி நிற்கிறோம். தேங்கும்போது அடி விழுவது கறப்பவர் தலையில். விற்பனைக்கு வரும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே கூட்டுறவும் பெரிய பண்ணைகளும் வாங்குகின்றன. மீதி அனைத்தும் அவரவர் பேரம். நன்றாக நடக்கும் கூட்டுறவில் நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் 70 முதல் 80 காசு வரை கறப்பவருக்குப் போகிறது. அந்த வலையைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு விரிப்பதுதான் ஏற்றுமதிக்கும் முதற்படி.

வற்றிய மாட்டை என்ன செய்வது?

பால் பொருளாதாரத்தில் யாரும் வாய் திறந்து பேசத் தயங்கும் ஒரு கணக்கு உண்டு. அதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

மாடு என்றும் கறந்துகொண்டே இருக்காது. சில ஈற்றுகளுக்குப் பின் மடி வற்றும். அப்போது விவசாயி அதைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்பார். பொள்ளாச்சிச் சந்தையிலே துண்டுக்குள் கைவிட்டு விரலைத் தொட்டுத் தரகர்கள் விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இளங்கறவை ஒன்றை வாங்கி வருவார். பழைய மாட்டின் விலைதான் புது மாட்டின் முன்பணம். விற்க முடியாமல் போனால் கறக்காத மாட்டுக்குத் தினமும் தீவனம் வைக்க வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அதில் ஒன்று வெறும் செலவானால் குடும்பம் தாங்குமா?

2017 மே மாதம் மத்திய அரசு கொண்டு வந்த கால்நடைச் சந்தை விதிகள், இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடுத்தன. மதுரை உயர்நீதிமன்றக் கிளை சில நாட்களிலேயே அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. மத்திய அரசு அந்த விதியைப் பின்னர் கைவிட்டது. விதி போனது, பயம் போகவில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், ஹரியானாவின் நூஹ் பகுதியைச் சேர்ந்த பெஹ்லு கான் என்ற பால் விவசாயி, ஜெய்ப்பூர்ச் சந்தையில் மாடு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் ஒரு கும்பல் வண்டியை மறித்து அவரை அடித்தது. இரண்டு நாளில் இறந்தார். அவர் பால் கறந்து பிழைத்த மனிதர். மாடு வாங்கியதற்கான ரசீது இருந்தும் அது அவர் உயிரைக் காக்கவில்லை. மேவாத் பகுதியில் மாடு வளர்த்துப் பால் விற்று வாழும் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு இன்று மாடு வாங்கப் போவதே அச்சமான பயணம்.

இது ஒரு சமுதாயத்தின் துயரம் மட்டும் என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். வாங்குபவர் வராவிட்டால் விற்பவருக்கும் நஷ்டம்தான். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மாடு விற்பதற்குக் கடும் கட்டுப்பாடு உள்ள உத்தரப்பிரதேசத்தில் பசுவினத்தின் எண்ணிக்கை ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்தது. அத்தகைய கெடுபிடி இல்லாத மேற்கு வங்கத்தில் 15 சதவீதம் கூடியது. விற்க முடியும் என்ற நம்பிக்கை உள்ள இடத்தில்தான் விவசாயி மாடு வளர்ப்பார். வெளிநாட்டுப் பாலிடமிருந்து விவசாயியைக் காக்கிறோம் என்று மேடையில் முழங்கிவிட்டு, உள்நாட்டுச் சாலையில் அவரைக் காக்கத் தவறினால் அந்த முழக்கத்துக்கு என்ன பொருள்?

செய்ய வேண்டியவை

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. எந்த நாட்டோடு ஒப்பந்தம் செய்தாலும் பால் பவுடர், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றின் வரியைக் குறைக்கும் முன் நாடாளுமன்றத்தில் விவாதம் வேண்டும். தடுப்பூசியும் மருத்துவரும் தொழுவத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு பால் சேகரிப்பு நிலையத்திலும் கொழுப்பு மட்டுமல்லாமல் மருந்து எச்சத்தையும் சோதிக்கும் வசதி வேண்டும். சங்கத் தேர்தல்கள் காலத்தோடு நடக்க வேண்டும். சந்தையில் வாங்கி ரசீதோடு வரும் மாட்டுக்கும் மனிதருக்கும் சாலையில் பாதுகாப்பு வேண்டும்.

இனி நம் பங்கு. உங்கள் ஊரில் பால் சொசைட்டி இருந்தால் உறுப்பினராகுங்கள். கறப்பவர் பெண், உறுப்பினர் அட்டை ஆண் பெயரில் என்ற நிலை இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அந்த அட்டை உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். பணம் அவர் கணக்கில் விழட்டும். வளைகுடாவிலிருந்து சேமிப்போடு திரும்பும் இளைஞர்கள் ஊர் எல்லையில் இன்னொரு மனை வாங்கிப் போடுவதை மட்டுமே யோசிக்காமல், பத்துப் பேர் சேர்ந்து ஒரு குளிரூட்டும் நிலையமோ நெய், பன்னீர் செய்யும் சிறு ஆலையோ தொடங்கலாமே! வாங்கப்போகும் ஊரின் சுவையும் வழியும் அவர்களுக்குத் தெரியும். நம் நாட்டில் இது வேறு யாரையும் விட அவர்களுக்கு அதிகம் கைகூடக்கூடிய வேலை. மஹல்லாக்களில் நடக்கும் வட்டியில்லாக் கடன் திட்டங்கள் ஒரு விதவைக்கு ஒரு கறவை மாடு என்று தொடங்கினால், அந்த வீட்டில் அடுப்பு எரிவதற்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை இருக்காது.

1946ல் கைராவின் விவசாயிகளிடம் பணம் இல்லை, தொழிற்சாலை இல்லை, அதிகாரம் இல்லை. ஆனால் மாட்டின் கயிறு அவர்கள் கையில் இருந்தது. ஒன்று சேரும் மனமும் இருந்தது. பதினைந்து நாள் பொறுமை, எண்பது ஆண்டு வரலாறாயிற்று.

நாளை எந்த நாடு எந்த ஒப்பந்தத்தோடு வந்தாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதற்குப் பிறகும் அந்தக் கயிறு கறப்பவர் கையில் இருக்குமா? இருக்கும் என்றால் வரவேற்போம். இல்லை என்றால், நாளை காலை டீக்கடையில் உங்கள் கைக்கு வரும் கிளாஸில் யாருடைய பால் இருக்கும் என்பதை இன்றே யோசித்துக்கொள்ளுங்கள்.